முதுகுக்குப் பின்னால் அடிக்கும் கடிகாரங்கள்

1972-ம் ஆண்டு லண்டனில், பழங்காலக் கடிகாரங்கள் விற்கும் கடை ஒன்றுக்குள் கையில் தூக்கிச் செல்லும் டேப் ரெக்கார்டரோடு நுழைகிறார் ஓர் இளம் ஒலிப்பதிவாளர். பெயர் ஆலன் பார்சன்ஸ். இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கிறார். கடையில் உள்ள கடிகாரங்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்கிறார். டிக் டிக் ஓசை தனி, மணியடிக்கும் ஓசை தனி. எந்தப் பாட்டுக்கு? எந்தப் பாட்டுக்கும் இல்லை! அறையின் நான்கு மூலைகளிலும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும் ‘குவாட்ரஃபோனிக்’ என்ற புது முறை அப்போது வந்துகொண்டிருந்தது. அதைச் செய்துகாட்ட ஒரு சோதனைப் பதிவு தேவைப்பட்டது. அதற்காகத்தான் அத்தனை கடிகாரங்களும்.

கொஞ்ச நாளில் அபே ரோட்டில் இருந்த இ.எம்.ஐ. ஸ்டுடியோவில் பிங்க் ஃப்ளாய்ட் குழு ‘டைம்’ என்ற பாட்டில் வேலை செய்துகொண்டிருக்கிறது. “என்னிடம் கொஞ்சம் கடிகாரங்கள் இருக்கின்றன” என்கிற தகவல் பார்சன்ஸிடமிருந்து வருகிறது. அவ்வளவுதான். உலகமே தூக்கிவாரிப்போட்டு எழுந்து உட்கார்ந்த அந்தத் தொடக்கம் பிறந்துவிட்டது. ஆக, ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தின் கடிகாரங்கள் நான்கு ஸ்பீக்கருக்காகவே பிறந்தவை. நாம் பெரும்பாலோர் அவற்றை இரண்டு ஸ்பீக்கரில் அடைத்துத்தான் கேட்டோம், பல பத்தாண்டுகளாக!

இதை முதன்முதலில் படித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பழைய ராக் ஆல்பங்களுக்கு முப்பது, நாற்பது, ஐம்பது வயது ஆகும்போதெல்லாம் கனமான பாக்ஸ் செட் ஒன்று வெளியாகும். உள்ளே ‘சரவுண்ட்’ மிக்ஸ், அதாவது ஒலிகள் நம்மைச் சுற்றி வரும்படி சேர்த்த பதிப்பு, என்று தனியாக ஒரு டிஸ்க் இருக்கும். அதைப் பின்னாளில் ஒட்டவைத்த அலங்காரம் என்றே பலரும் நினைக்கிறார்கள். சில ஆல்பங்களில் அது உண்மையும்கூட. ஆனால் இந்த ஆல்பத்தில் வட்டம்தான் முதலில் வந்தது. வாருங்கள், திரைக்குப் பின்னால் போய்ப் பார்க்கலாம். எவ்வளவு இருக்கிறது அங்கே!

அடுத்து, அதே ஆல்பத்தின் ‘மணி’ (Money) பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சில்லறை குலுங்குகிறது, கல்லாப்பெட்டி திறக்கிறது, காகிதம் கிழிகிறது. எல்லாம் தாளத்தில்! குழுவைச் சேர்ந்த ரோஜர் வாட்டர்ஸின் அன்றைய மனைவி மண்பாண்டக் கலைஞர். களிமண் பிசைய அவர் வைத்திருந்த பெரிய கிண்ணத்துக்குள் காசுகளை வீசியெறிந்து பதிவு செய்தார் வாட்டர்ஸ். அப்புறம் வந்தது கத்திரி வேலை. கணினி கிடையாது. டேப்பில் ஒலி எவ்வளவு நேரம் ஓட வேண்டுமோ அவ்வளவு நீளத்துக்கு ஸ்கேலால் அளந்து, பிளேடால் வெட்டி, ஒட்டுநாடாவால் ஒட்டி, ஏழு துண்டுகளை ஒரு வளையமாக்கினார்கள். அந்தப் பாட்டு பெரும்பாலும் ஓடுவதும் ஏழு தட்டுத் தாளத்தில்தான். கேளுங்கள் இதையும்: குவாட்ரஃபோனிக்கை மனத்தில் வைத்து, ஒவ்வொரு ஒலியும் வெவ்வேறு மூலையிலிருந்து வரும்படி நான்கு ட்ராக்கில் அந்த வளையத்தைத் தயாரித்தார்கள். காசு முன்னால் விழுந்தால் கல்லாப்பெட்டி பின்னால் திறக்கும்!

இந்த வட்டப் பித்து இவர்களுக்கு 1972-ல் வந்ததல்ல. 1967 மே 12 அன்று லண்டன் குயின் எலிசபெத் ஹாலில் ‘கேம்ஸ் ஃபார் மே’ என்ற நிகழ்ச்சி. அதற்காக அபே ரோட்டின் பொறியாளர் பெர்னார்ட் ஸ்பைட் ஒரு பெட்டி செய்துகொடுத்தார். பெயர் ‘அசிமத் கோ-ஆர்டினேட்டர்’. பெயர்தான் விண்வெளிக் கப்பல் மாதிரி. பார்த்தால் சாதாரணப் பெட்டி, மேலே நெம்புகோல். கீபோர்டு வாசிக்கும் ரிச்சர்ட் ரைட் அந்தக் கோலை ஒரு கையால் சுழற்றுவார். அரங்கத்தில் ஒலி கூட்டத்தைச் சுற்றி ஓடும். முதல் பெட்டி நிகழ்ச்சி முடிந்த கையோடு திருடுபோயிற்று. 1969-ல் ராயல் ஃபெஸ்டிவல் ஹால் கச்சேரிக்காகச் செய்த இரண்டாவது பெட்டி இப்போது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. அரசர்களின் நகைகளையும் சிலைகளையும் வைத்திருக்கும் அந்த இடத்தில் ஒரு மிக்ஸிங் பெட்டிக்கும் இடம்! அதற்கு அந்தத் தகுதி முழுக்க உண்டு.

ஆல்பம் 1973 மார்ச்சில் வெளியானது. அதற்குச் சில நாள் முன், பிப்ரவரி 27 அன்று, லண்டன் பிளானட்டேரியத்தில் பத்திரிகையாளர்களுக்குப் போட்டுக்காட்டினார்கள். நட்சத்திரக் கூரையின் கீழே, நான்கு பக்கமும் ஒலிக்க வேண்டிய விழா. ஆனால் குவாட் மிக்ஸ் அதற்குள் தயாராகவில்லை. வெறும் ஸ்டீரியோவை ஓட்டினார்கள். கோபத்தில் ரைட்டைத் தவிர இசைக்குழுவில் வேறு யாரும் போகவில்லை. வரவேற்பில் அவர்களின் அட்டை உருவங்கள்தான் நின்றன. பார்சன்ஸ் பிறகு அந்த குவாட் மிக்ஸை முடித்தார், இசைத்தட்டாகவும் வந்தது. ஆனால் அதை ஒழுங்காகக் கேட்டவர்கள் மிகச் சிலர்.

காரணம் எளிது. நான்கு வழி ஒலியை ஒரே இசைத்தட்டுக் கோட்டுக்குள் திணிக்க ஆளுக்கொரு முறை கண்டுபிடித்தார்கள். சிபிஎஸ் கொண்டுவந்தது எஸ்க்யூ. சான்சுய் கொண்டுவந்தது க்யூஎஸ். ஜேவிசி கொண்டுவந்தது சிடி-4. ஒன்றின் தட்டு இன்னொன்றின் கருவியில் சரியாகப் பேசாது. எஸ்க்யூவில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றோடொன்று கசிந்துவிடும். சிடி-4 சுத்தமாகப் பிரித்துத் தரும், ஆனால் மனிதக் காதுக்கு எட்டாத உயரத்தில் ஓடும் அலையை ஊசி படிக்க வேண்டும். அதற்கென்றே தனி ஊசி. வீட்டுக்காரர் நான்கு ஸ்பீக்கரும் வாங்க வேண்டும், எந்தக் கட்சி என்றும் முடிவெடுக்க வேண்டும். எழுபதுகள் முடிவதற்குள் குவாட் மறைந்துபோனது. அந்த மிக்ஸ்கள் டேப் அறைகளுக்குள் போய்த் தூங்கின.

தூங்கியது நல்லதாயிற்று! ஏனென்றால் இந்தக் கதையின் உண்மையான நாயகன் அந்த டேப்தான்.

ஒரு மறுவெளியீடு எங்கே தொடங்குகிறது தெரியுமா? கிடங்கிலிருந்து அட்டைப்பெட்டிகள் வரும் அறையில். பெட்டியின் பின்னால் அன்றைய டேப் உதவியாளரின் கையெழுத்து: எந்த ட்ராக்கில் டிரம், எதில் பேஸ், எந்த டேக் நல்லது, எது தேறாது. டார்க் சைடின் டேப் இரண்டு அங்குல அகலம், அதில் பதினாறு ட்ராக். ஒட்டுநாடாக்கள் அரை நூற்றாண்டில் காய்ந்து கழன்றிருக்கும். ரீலைச் சுற்றவிட்டால் வெட்டி ஒட்டிய இடங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பிரிந்துவரும். பொறுமையாக மறுபடி ஒட்ட வேண்டும். எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் வந்த சில வகை டேப்புகளுக்கு இன்னொரு நோய் உண்டு. காந்தத் துகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் இசை உதிர்ந்து மெஷினின் தலையில் ஒட்டிக்கொள்ளும். என்ன வைத்தியம் தெரியுமா? அடுப்பு! சுமார் 54 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மணிக்கணக்காக வைத்து உலர்த்துகிறார்கள். டேப் சில வாரங்களுக்கு உயிர் பெறும். அதற்குள் ஓட்டிக் கணினிக்கு மாற்றிவிட வேண்டும். லட்சக்கணக்கான வீடுகளில் ஒலித்த ஒரு பாட்டின் ஒரே மூலப் பிரதியை அடுப்பில் வைத்துவிட்டுக் காத்திருப்பவரின் மனநிலையை நினைத்துப்பாருங்கள்!

டார்க் சைடுக்கு 2003-ல் முப்பது வயதானது. 5.1 மிக்ஸ் செய்யும் பொறுப்பு ஜேம்ஸ் கத்ரியிடம் வந்தது. ‘தி வால்’ காலத்திலிருந்து பிங்க் ஃப்ளாய்டோடு இருக்கும் ஒலிக்கலைஞர் அவர். அவர் செய்த முதல் காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 1972-ல் பதினாறு ட்ராக்கும் நிரம்பியவுடன், பலவற்றைச் சேர்த்து இன்னொரு ரீலுக்கு மாற்றி இடம் பிடித்திருந்தார்கள். அந்த இரண்டாம் தலைமுறை ரீலிலிருந்துதான் 1973-ன் ஸ்டீரியோ மிக்ஸ் வந்தது. கத்ரி அதற்கும் முந்தைய, முதல் தலைமுறை ரீல்களுக்குப் போனார். மாற்றும்போது சேரும் இரைச்சல் இல்லாத, டிரம்மின் ஒவ்வொரு உறுப்பும் தனியாக நிற்கும் ரீல்கள். ஆக, 2003-ல் டிஸ்க்கை வாங்கிக் கேட்ட ஒருவர், 1973-ல் இசைத்தட்டு கேட்டவரைவிட நிக் மேசனின் டிரம்முக்கு ஒரு படி நெருக்கமாக உட்கார்ந்தார். எப்படி இருக்கிறது பாருங்கள்!

இங்கே ஒரு பழைய சண்டையையும் சொல்லியாக வேண்டும். 1973-ல் மிக்ஸ் செய்யும்போது வாட்டர்ஸுக்கு எல்லாம் வறட்சியாக, எதிரொலி இல்லாமல், ஆல்பத்தில் இடையிடையே வரும் பேச்சுக்குரல்கள் தெளிவாகக் கேட்க வேண்டும். கிடாரிஸ்ட் டேவிட் கில்மருக்கு எதிரொலியில் மிதக்க வேண்டும். இருவருக்கும் நடுவில் நாட்டாமை செய்யத் தயாரிப்பாளர் கிறிஸ் தாமஸை வரவழைத்தார்கள். நாம் நேசிக்கும் அந்த ஸ்டீரியோ, ஒரு சமரசத்தின் விளைவு. இரண்டே ஸ்பீக்கர் என்றால் சமரசம் செய்துதான் ஆக வேண்டும்: எதிரொலியைக் கூட்டினால் குரல் பின்வாங்கும், குறைத்தால் வானம் சுருங்கும். ஐந்து ஸ்பீக்கரில் அந்தச் சண்டையே தேவையில்லை. குரல் முன்னால் வறட்சியாக நிற்கட்டும், எதிரொலி பின்சுவரிலிருந்து திரும்பி வரட்டும். ‘அஸ் அண்ட் தெம்’ பாட்டில் ஒரு சொல் பாடி முடிந்து, அதன் எதிரொலி அறைக்குள் தள்ளிப் போகிற இடத்தை சரவுண்டில் கேட்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: முப்பது ஆண்டு கழித்து வாட்டர்ஸும் ஜெயித்தார், கில்மரும் ஜெயித்தார்.

5.1 என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: முன்னால் மூன்று ஸ்பீக்கர், காதுக்குச் சற்றுப் பின்தள்ளிப் பக்கவாட்டில் இரண்டு, ஆழ்ந்த அதிர்வுக்கு மட்டும் ஒரு சப்வூஃபர். அந்த ‘.1’ அதுதான். டார்க் சைடின் தொடக்க இதயத்துடிப்பு (மேசனின் பாஸ் டிரம்மிலிருந்து உருவாக்கியது அது) உங்கள் நாற்காலியின் காலில் முதலில் தெரியும், காதில் பிறகு. ‘ஆன் தி ரன்’ வந்ததும் சின்தஸைசரின் எட்டு சுரங்கள் உங்களைச் சுற்றி வட்டமடிக்கும். காலடி ஓசை அறையைக் கடந்து ஓடும். அப்புறம் ‘டைம்’. சொல்லவும் வேண்டுமா! எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கடிகாரம்.

அந்தப் பேச்சுக்குரல்களைப் பற்றியும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வாட்டர்ஸ் அட்டைகளில் கேள்விகள் எழுதிவைத்து, ஸ்டுடியோவில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பதில் சொல்லச்சொன்னார். பக்கத்து அறையில் வேலையாக இருந்த பால் மெக்கார்ட்னியையும் கேட்டார்கள். அவர் ரொம்ப ஜாக்கிரதையாகப் பதில் சொன்னதால் சேர்க்கவில்லை! ஆனால் ஸ்டுடியோவின் வாயிற்காவலர் ஜெர்ரி ஓ’டிரிஸ்கால் மனம்விட்டுப் பேசினார். ஆல்பத்தின் கடைசிக் குரல் அவருடையது. பீட்டில்ஸ் நாயகனுக்குக் கிடைக்காத இடம் வாயிற்காவலருக்குக் கிடைத்தது. சரவுண்டில் அந்தக் குரல்கள் தோளுக்கு மேல் யாரோ பேசுவதுபோல் வந்து போகும்போது, ஆல்பத்தில் எத்தனை மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பது உறைக்கிறது. கிளேர் டோரி அவர்களில் ஒருவர். 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, சொல்லே இல்லாமல் ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ பாட்டைப் பாடிவிட்டு 30 பவுண்டு வாங்கிக்கொண்டு போனார். பின்னர் வழக்குப் போட்டார். 2005-ல் சமரசம் ஆகி, இப்போது வரும் எல்லாப் பதிப்புகளிலும் இசையமைப்பில் ரைட்டின் பெயரோடு அவர் பெயரும் இருக்கிறது. இது நியாயம், தாமதமாக வந்த நியாயம்.

2011-ல் வந்த பெரிய பெட்டியில் ஓர் அருமையான காரியம் செய்தார்கள். கத்ரியின் 5.1 மிக்ஸோடு, தூங்கிக்கொண்டிருந்த பார்சன்ஸின் 1973 குவாட் மிக்ஸையும் சேர்த்துத் தந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம்! எனக்கு இரண்டும் வேண்டும், ஆனால் கேட்டால் சொல்லிவிடுகிறேன்: கத்ரியுடையது அழகானது, நிதானமானது, முன்பக்கத்தை விட்டு அதிகம் நகராதது. பார்சன்ஸுடையதில் துணிச்சல் அதிகம். மூலைக்கு ஒன்றாக வாத்தியங்களைத் தூக்கி வைத்துவிட்டு என்ன ஆகிறது பார்ப்போம் என்கிற இருபது வயதுக்காரரின் துணிச்சல் அது. 2023-ல் ஐம்பதாம் ஆண்டுக்குக் கத்ரியே டால்பி அட்மாஸ் மிக்ஸும் செய்தார். இப்போது தலைக்கு மேலேயும் ஒலி. அந்த ஆண்டு உலகெங்கும் பிளானட்டேரியங்களில், நட்சத்திரக் கூரையின் கீழ், இந்த ஆல்பத்தைச் சுற்றொலியில் ஓட்டினார்கள். 1973 பிப்ரவரியில் நடக்காமல் போன விழா ஒருவழியாக நடந்தது!

சரி, எல்லா ஆல்பமும் வட்டத்துக்காகப் பிறந்ததில்லையே, அவற்றை என்ன செய்வது? இங்கேதான் ஸ்டீவன் வில்சன் வருகிறார். போர்க்குபைன் ட்ரீ குழுவின் பாடகர், கிடாரிஸ்ட். பெரிய ஸ்டுடியோவில் வளர்ந்தவர் இல்லை, வீட்டிலேயே வேலை செய்கிறவர். 2009-ல் கிங் கிரிம்சன் குழுவின் நாற்பதாம் ஆண்டு வரிசையை அவர் கையில் கொடுத்தார் அக்குழுவின் ராபர்ட் ஃப்ரிப். அதிலிருந்து ஜெத்ரோ டல், யெஸ், ஜென்டில் ஜயன்ட், எக்ஸ்டிசி, டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ் என்று வரிசை நீண்டுகொண்டே போகிறது.

வில்சனின் முறையை நான் பெரிதும் மதிக்கிறேன். சரவுண்டை அவர் முதலில் தொடுவதே இல்லை. மூல டேப்பிலிருந்து பழைய ஸ்டீரியோவை அச்சு அசலாக மறுபடி கட்டுகிறார். பழைய மிக்ஸும் தன்னுடையதும் மாறி மாறி ஓட, எந்த நொடியில் கிடார் இடப்பக்கம் போனது, எந்தச் சொல்லில் எதிரொலி கூடியது என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார். இது ஏன் கடினம் என்றால், பல டேப்புகளில் எதிரொலியே கிடையாது! அன்று மிக்ஸ் செய்யும்போது நேரடியாகச் சேர்த்தது அது. ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களில் ஆறு கைகள் ஒரே நேரத்தில் நகர்ந்திருக்கும், எதையும் எழுதிவைத்திருக்க மாட்டார்கள். காதை மட்டும் நம்பித் துப்புத் துலக்க வேண்டும். ஸ்டீரியோ ஒத்துப்போன பிறகே பாட்டை வட்டமாக விரிக்கிறார்.

இப்படி மூல டேப்புக்குள் போகிறவருக்குப் புதையலும் கிடைக்கும். நமக்குப் பாட்டு மெல்லத் தேய்ந்து மறையும் இடத்தில் டேப் நிற்பதில்லை, இசைக்குழு வாசித்துக்கொண்டேதான் இருக்கும்! ஒருவர் தப்பாக வாசிப்பார், ஒருவர் சிரிப்பார், யாரோ டிரம் குச்சியைக் கீழே போடுவார். ஃப்ரிப்புக்குத் தன்னுடைய ‘லிசார்ட்’ ஆல்பம் (1970) பிடிக்கவே பிடிக்காது. கேட்கத் தகுதியற்றது என்று ஒதுக்கியிருந்தார். வில்சன் விடவில்லை, நான் செய்து பார்க்கிறேன் என்றார். நெரிசலாக ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடந்த வாத்தியங்களை ஐந்து ஸ்பீக்கரில் தள்ளித் தள்ளி உட்காரவைத்தார். அதைக் கேட்ட பிறகு ஃப்ரிப் மனம் மாறினார். தான் வாசித்த இசையையே ஒருவர் நாற்பது ஆண்டு கழித்துக் கண்டுபிடிக்கிறார் என்றால், அதைவிட ஒரு மிக்ஸ் என்ன சாதிக்க வேண்டும்?

ஜெத்ரோ டல்லின் ‘அக்வாலங்’ (1971) இன்னொரு விதம். தேவாலயத்தை ஸ்டுடியோவாக்கிய கட்டடத்தில் பதிவானது. அந்த அறையின் ஒலி குழுவின் இயன் ஆண்டர்சனுக்குத் திருப்தி தரவே இல்லை, ஆல்பமும் மங்கலாகவே கிடந்தது. 2011-ல் வில்சன் துடைத்தெடுத்த பிறகு பழைய தட்டுக்குத் திரும்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ (1967) கதை இவை எல்லாவற்றையும்விடச் சிக்கல். வெறும் நான்கு ட்ராக் மெஷின்! நான்கும் நிரம்பினால் அவற்றைச் சேர்த்து இன்னொரு மெஷினில் ஒன்றாகவோ இரண்டாகவோ இறக்குவார்கள், மிச்சத்தில் புதிதாகப் பதிவார்கள், மறுபடி இறக்குவார்கள். சட்னியில் அரைத்த தேங்காயைத் திரும்ப எடுக்க முடியுமா? அப்படித்தான், இறக்கிய ஒலியை மறுபடி பிரிக்க வழியில்லை. ஆனால் இறக்குவதற்கு முந்தைய ரீல்களையும் இ.எம்.ஐ. தூக்கிப்போடாமல் வைத்திருந்தது. அந்தப் பழைய காப்பாளர்களுக்கு ஒரு கும்பிடு! ஐம்பதாம் ஆண்டில், தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டினும் பொறியாளர் சாம் ஓகெலும் அந்த ரீல்களை எல்லாம் கணினியில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கி, வேகத்தை ஒத்திசைத்து, 2017-ல் புது ஸ்டீரியோவும் 5.1-ம் செய்தார்கள். வழிகாட்டி எது தெரியுமா? பழைய மோனோ. ஏனென்றால் பீட்டில்ஸ் நால்வரும் உட்கார்ந்து அக்கறையாகச் செய்தது மோனோ மிக்ஸைத்தான். ஸ்டீரியோவை அவர்கள் இல்லாமல் அவசரமாக முடித்தார்கள். ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ மோனோவில் ஒரு வேகம், பழைய ஸ்டீரியோவில் மந்தமான இன்னொரு வேகம். புதியதில் மோனோவின் வேகத்தையே எடுத்துக்கொண்டார்கள். பிறந்த வடிவத்தைக் கேட்டுவிட்டுத்தான் விரிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

‘எ டே இன் தி லைஃப்’ இருக்கிறதே! 1967 பிப்ரவரி 10 இரவு நாற்பது சாஸ்திரிய இசைக்கலைஞர்கள் விருந்து உடையில் வந்தார்கள். அவர்களுக்குப் பொய்மூக்குகளும் தொப்பிகளும் கொடுத்தார்கள். வயலின் தலைவர் எரிக் க்ரூயன்பெர்க் கையில் கொரில்லாக் கையுறை! கீழ்ச் சுரத்தில் தொடங்கி மேல் சுரம் வரை அவரவர் வேகத்தில் ஏறுங்கள் என்றார்கள். அதைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்து அடுக்கினார்கள், நாற்பது பேர் நூற்றுக்கும் மேற்பட்டவராக ஆனார்கள். டேப்பில் இன்னும் கேட்கிறது, உதவியாளர் மால் எவன்ஸ் இருபத்து நான்கு பார்களையும் எண்ணிக்கொண்டே போவதும், கடைசியில் அலாரம் கடிகாரம் அடிப்பதும். 5.1-ல் அந்த ஏற்றம் நாலாபுறமும் சூழ்ந்து கிளம்பும்போது நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். அதன்பின் அந்தக் கடைசிப் பியானோ முழக்கம். பல பியானோக்களில் ஒரே நேரத்தில் அடித்து, ஒலி தேயத் தேய ஃபேடரை உயர்த்திக்கொண்டே போனார்கள். கடைசி நொடிகளில் ஸ்டுடியோவின் காற்றும், ஒரு நாற்காலி கிறீச்சிடுவதும் கேட்கிறது. நல்ல வேளை, 2017-ல் அதை யாரும் சுத்தம் செய்யவில்லை!

அதே ஆல்பத்தில் ‘விதின் யூ விதவுட் யூ’. லண்டனில் வாழ்ந்த இந்தியக் கலைஞர்கள் தில்ரூபா, தபலா, தம்புராவோடு வந்து தரையில் விரிப்பு விரித்து உட்கார்ந்து வாசித்தது. பீட்டில்ஸில் ஜார்ஜ் ஹாரிசன் மட்டுமே அதில் உண்டு. ஐம்பதாம் ஆண்டுப் பெட்டியில் இந்திய வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் முதல் டேக்கையும் தந்திருக்கிறார்கள். அதை முதலில் கேட்டுவிட்டுப் பிறகு முழுப் பாட்டைக் கேளுங்கள். பல ஆண்டுகள் பெயரில்லாமல் கிடந்த அந்தக் கலைஞர்கள் எவ்வளவு தாங்கிப்பிடித்திருக்கிறார்கள் என்பது தெரியும்.

அரைத்த தேங்காயை எடுக்கவே முடியாது என்றேன் அல்லவா? 2022-ல் அதையும் எடுத்துவிட்டார்கள்! பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ ஆல்பத்தில் ‘டேக்ஸ்மேன்’ பாட்டில் கிடார், பேஸ், டிரம் மூன்றும் ஒரே ட்ராக்கில் ஒட்டிக்கிடந்தன. முந்தைய ரீல் என்று எதுவும் கிடையாது, நேரடியாகவே அப்படிப் பதிந்தது. இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு ‘கெட் பேக்’ ஆவணப்படத்துக்காக உருவாக்கிய மென்பொருளுக்கு டிரம் எப்படி இருக்கும், கிடார் எப்படி இருக்கும் என்று கற்றுக்கொடுத்து, ஒட்டியிருந்ததைப் பிரித்தெடுத்தார்கள். 1966-ல் யாருமே தனியாகக் கேட்டிராத ரிங்கோவின் டிரம்மைத் தனியாக அட்மாஸில் வைக்க முடிந்தது.

அட்மாஸ் என்பதைத் தியேட்டர் வாசலில் படித்திருப்பீர்கள். 2012-ல் சினிமாவுக்காக வந்தது, 2021-லிருந்து ஃபோனில் கேட்கும் பாட்டுக்கும் பரவலாக வந்துவிட்டது. ஒலி இந்த ஸ்பீக்கரில் வரட்டும் என்று சொல்வதற்குப் பதில், அறையில் இந்தப் புள்ளியில் வரட்டும் என்று குறித்துவைக்கும் முறை. உங்களிடம் பன்னிரண்டு ஸ்பீக்கர் இருந்தாலும் ஒரு ஹெட்ஃபோன் மட்டும் இருந்தாலும் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். குவாட் காலத்தில் வீட்டுக்காரரைக் குழப்பியடித்த கட்சிச் சண்டை இதில் இல்லை.

ஆனால் எளிதாகிவிட்டதாலேயே ஓர் ஆபத்தும் வந்திருக்கிறது. டேப்பைத் தேடாமல், பழைய மிக்ஸோடு ஒப்பிடாமல், அவசரமாகப் பிரித்துப் பரப்பிய அட்மாஸ் மிக்ஸ்கள் இப்போது நிறைய வருகின்றன. பாடகர் ஒரு கிணற்றில், டிரம் இன்னொரு கிணற்றில். குழு ஒன்றாக வாசித்த வேகமே காணாமல் போயிருக்கும். ஸ்ட்ரீமிங்கில் இன்னொரு கவலை: சில ஆல்பங்களைத் தேடினால் புது மிக்ஸ்தான் முதலில் வருகிறது, மூல ஸ்டீரியோ எங்கோ அடியில் கிடக்கிறது. இது தவறு. 1973-ல் நாலு பேர் சண்டைபோட்டுச் சமரசமாகி முடித்த அந்த மிக்ஸ் வரலாறு. புதியது அதன் பக்கத்தில் உட்காரலாம், அதன் நாற்காலியில் உட்காரக் கூடாது. வெளியிடுகிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: பெட்டியில் மூல மிக்ஸ் கட்டாயம் இருக்கட்டும். கிடங்கில் குவாட் மிக்ஸ் இருந்தால் அதையும் சேருங்கள். யார் மிக்ஸ் செய்தார், எந்தத் தலைமுறை டேப்பிலிருந்து செய்தார் என்று அட்டையில் அச்சடியுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இதற்காகக் கடன் வாங்கி ஸ்பீக்கர் வாங்க வேண்டாம். தெரிந்தவர் யார் வீட்டிலாவது சினிமா பார்க்க 5.1 செட் இருக்கும், அங்கே போங்கள். அறையின் நடுவில் நாற்காலியைப் போடச்சொல்லுங்கள். பின் ஸ்பீக்கர்கள் முன் ஸ்பீக்கர்களின் அதே சத்தத்தில் ஒலிக்கின்றனவா என்று சரிபாருங்கள், பெரும்பாலான வீடுகளில் அவை தூங்கிக்கொண்டிருக்கும். அதுவும் கிடைக்காவிட்டால் ஹெட்ஃபோனில் அட்மாஸ் கேளுங்கள், கால்வாசியாவது கிடைக்கும். முதலில் ‘மணி’, அடுத்து ‘டைம்’, அதன்பிறகு ‘எ டே இன் தி லைஃப்’. சத்தத்தை வழக்கத்தைவிட ஒரு படி கூட்டி வையுங்கள்.